அத்தர்க்கடைக்காரர் சன்ஸ்கிரீன் பூசிய விதம்

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.
ஜூன் மாதம், ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

அன்பு மகள் அரீபாவுக்கு,

உன் அத்தா அப்துல் கஃபார் மனம் நிறைந்த ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. இறைவன் கிருபையால் இங்கே உன் அம்மா நலம், உன் தம்பி ஹாதி நலம், மருமகள் அஃப்ஷீன் நலம், கடை நலம், கடையில் நான் உட்காராததால் வியாபாரம் முன்னைவிட நலம். இந்தக் குடும்பத்தில் என் முகம் ஒன்றுதான் நலமில்லாமல் இருந்தது. அதுவும் இப்போது நலம். அங்கே பிரான்ஸில், துலூஸில், நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஸாகிபும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ மகளாக இருப்பதில்லை, அங்கே உன் கடையில் நிற்கிற மருந்துக்கடைக்காரியாகிவிடுகிறாய். "அத்தா, இடது கன்னத்தக் காட்டுங்க, வலது கன்னத்தக் காட்டுங்க, போன நெத்திகிட்ட கொண்டாங்க, ஆட்டாதீங்க" என்கிறாய். ஒரு மணி நேரம் பேசி முடித்தால் நீ என் மூக்கை முழுதாகப் பார்த்திருப்பாய், நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் கேட்டிருக்க மாட்டாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. பாதியில் வைத்துவிட்டுப் போனாலும் திரும்பி வந்து படித்துத்தான் ஆகவேண்டும். நான் எழுதி முடித்ததும் உன் அம்மா இதைத் தன் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். எனக்கு அந்த வேலை வராது, நான் எடுத்தால் என் கட்டைவிரல்தான் வரும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை பதினாலாம் தேதி பெத்தாங்க் குண்டு விளையாட்டுப் போட்டி. 'முகம் இன்னொரு தடவை சிவந்தால் மைதானத்துப் பக்கமே போகக் கூடாது' என்று நீ போட்ட உத்தரவை உன் அம்மா மனப்பாடமாக வைத்துக்கொண்டு காலை மாலை எனக்கு ஒப்பிக்கிறாள். அந்த உத்தரவை நீ தளர்த்த வேண்டும், போட்டியில் ஆட எனக்குச் சம்மதம் தர வேண்டும். என் முகம் எத்தனை விதமாகச் சிவந்தது, அதில் என் புத்திசாலித்தனத்தின் பங்கு எவ்வளவு என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். படித்துவிட்டுத் தீர்ப்பு சொல். குற்றவாளி உன் அத்தா என்பதையும் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்.

உனக்கு நான் சொல்லாத ஒன்று உண்டு. ஹாதி என்னைக் கடையிலிருந்து மரியாதையாக அனுப்பிவைத்துவிட்டான். அவன்மேல் தப்பில்லை. ஒரு தோலா அத்தர் வாங்க வருகிறவரிடம் "கால் தோலா போதும் தம்பி, நல்ல சரக்கு, ஒரு சொட்டு வெச்சா நாள் முழுக்க நிக்கும்" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. ஆயுள் முழுக்க அதைச் சொல்லித்தானே கடை நடத்தினேன். வந்தவர் கால் தோலாவோடு மனநிறைவாகப் போய்விடுவார், ஹாதி கல்லாவில் தலையை வைத்துக்கொள்வான். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "அத்தா, நீங்க ரொம்ப நல்லாப் பேசுறீங்க, வூட்ல இருந்து பேசுங்க" என்றான். வீட்டில் பேசலாம் என்று வந்தால், வீட்டில் உன் அம்மா ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறாள். எனக்கு முறை வரவில்லை.

அப்படி வீதிக்கு வந்தவனைச் சேர்த்துக்கொண்டது பெத்தாங்க் மைதானம்தான். நம் ஊரில் பிறந்தும் அந்த இரும்புக் குண்டை நான் அதுவரை தொட்டதில்லை. சின்ன மரக் குண்டு ஒன்றைத் தூரத்தில் போட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் போய் நிற்கிற மாதிரி இரும்புக் குண்டை வீச வேண்டும், யாருடையது மிக அருகில் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி, அவ்வளவுதான் ஆட்டம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற தெய்வசிகாமணி, ஊரே 'சொல்தா' என்று கூப்பிடுகிறவர், அவர்தான் எங்கள் அணிக்குத் தலைவர். இன்னொருவர் தவளக்குப்பத்து விவசாயி சக்கரபாணி, வயலில் மடைமாற்றிவிட்டு அதே சேற்றுக்காலோடு வண்டியில் வந்து இறங்குவார். மூன்றாவது ஆள் நான். துளி சிந்தாமல் குப்பிக்குக் குப்பி ஊற்றிப் பழகிய கை அல்லவா, குண்டை வைக்கச் சொன்ன இடத்தில் வைத்தது. நான் போகக் கொஞ்சம் தாமதமானால் சொல்தா "கஃபார் பாய் வந்தாச்சா?" என்று கேட்பார். வீட்டில் "எங்க போறீங்க?" என்று கேட்பவர்கள்தான் உண்டு, "வந்தாச்சா?" என்று கேட்பவர்கள் இல்லை. அதற்காகவே நான் ஒருநாளும் விடாமல் போனேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் உனக்குத் தெரியட்டும்.

பிறகுதான் முகம் தடித்தது. கன்னம், மூக்கு, பிடரி எல்லாம் சிவந்து, பார்த்தவர்களெல்லாம் யாரிடம் அடி வாங்கினேன் என்று கேட்டார்கள். தோல் டாக்டர் சிவசங்கரி அம்மா பார்த்துவிட்டு, நான் சாப்பிடுகிற பிரஷர் மாத்திரைக்கும் வெயிலுக்கும் ஒத்துப்போகவில்லை என்றார். மாத்திரையை உடனே மாற்ற முடியாதாம். "தொப்பி போடுங்க, வெயில் தாழ்ந்து போங்க, சன்ஸ்கிரீன் பூசுங்க. இதெல்லாம் செஞ்சும் தடிச்சுதுன்னா வெளையாட்ட விட்டுட வேண்டியதுதான் ஐயா" என்றார். உனக்குச் சொன்னோம். நீ அங்கிருந்து உயர்ந்த ரகமாக ஒரு குழாய் அனுப்பிவைத்தாய். உன் வேலை அதோடு முடிந்தது, என் வேலை அதிலிருந்து ஆரம்பித்தது.

குழாய் வந்ததும் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். மகள் தன் கையால் தேர்ந்தெடுத்துக் கடல்தாண்டி அனுப்பிய சரக்கு. அதைக் குளியலறைப் பலகையில் சோப்புக்குப் பக்கத்திலா வைப்பது? பீரோவில் நல்ல ஊத் அத்தர் இருக்கிற தட்டில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் மைதானத்துக்குக் கிளம்பும்போது எடுத்து, நம் தொழிலில் எப்படிப் பூசுவோமோ அப்படியே பூசினேன். விரல் நுனியில் ஒரு பொட்டு. மணிக்கட்டின் உள்பக்கம் வைத்து இன்னொரு மணிக்கட்டால் தேய்த்து, மிச்சத்தைக் காதுக்குப் பின்னால் தடவி, அப்படியும் விரலில் ஏதாவது ஒட்டியிருந்தால் வீணாக்காமல் சட்டைக் காலரில் துடைத்தேன். முகத்தில் பூசவில்லையா என்று கேட்காதே. அத்தரை யார் முகத்தில் பூசுவார்கள்? நல்ல சரக்கு என்றால் ஒரு இடத்தில் வைத்தால் உடம்பு முழுக்கப் பரவும் என்பது நான் ஊருக்கே போதித்த பாடம். சட்டைக் காலருக்குக் கிடைத்த பாதுகாப்பு என் கன்னத்துக்குக் கிடைக்கவில்லை.

இப்படியே வாரக்கணக்கில் போயிற்று. நீ போன் செய்து "அத்தா, குழாய் தீந்திருக்குமே, அடுத்தது அனுப்பட்டா?" என்று கேட்டாய், ஞாபகமிருக்கிறதா? நான் பெருமையாக, "மாஷா அல்லாஹ், முழுசா அப்பிடியே இருக்கும்மா, ஸாகிப் கல்யாணம் வரைக்கும் வரும்" என்றேன். நீ "முழுசாவா?" என்று கேட்டாய். என் சிக்கனத்தைக் கண்டு மலைத்துவிட்டாய் என்று நினைத்தேன். அப்புறம் நீ கத்திய கத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சன்ஸ்கிரீன் பூசியிருப்பார்கள். "முகம் கழுத்து எல்லாம் நெறையப் பூசணும் அத்தா!" என்றாய். சரி என்றேன்.

நிறைய என்றதும் என் வியாபார மூளை விழித்துக்கொண்டது. குழாயில் பெரிதாக ஐம்பது என்று போட்டிருந்தது. ஐம்பது என்றால் கடுமையான சரக்கு, தோல் வெளுத்த பிரெஞ்சுக்காரர்களுக்குச் செய்தது, நம்மைப்போல் வெயிலில் பிறந்தவனுக்குப் பத்தே தாராளம் என்று கணக்குப் போட்டேன். கடையில் கடுமையான ஊத் வந்தால் அப்படியேவா விற்கிறோம்? சந்தன எண்ணெய் சேர்த்து இறக்கித்தானே தருகிறோம். உன் அம்மா அடுப்படியில் இருக்கும்போது ஒரு கிண்ணத்தில் கிரீமைப் பிதுக்கி, பன்னீரும் பாதாம் எண்ணெயும் ஊற்றிக் கலக்கி, மூன்று அத்தர்க் குப்பிகளில் நிரப்பினேன். எனக்கு ஒன்று, சொல்தாவுக்கு ஒன்று, சக்கரபாணிக்கு ஒன்று. மகள் அனுப்பியது, நான் இறக்கியது என்று சொல்லிக் கொடுத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகான கலவை அமைந்ததில்லை. மைதானமே மணத்தது. எண்ணெய் தடவிக்கொண்டு போய் வெயிலில் நின்றால் என்ன ஆகும் என்று அப்பளம் பொரிக்கிறவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து சக்கரபாணி தோல் உரிந்த மூக்கோடு வந்து, "பாய், வாசன அருமை. ஆனா வெயிலு ஒண்ணும் கண்டுக்க மாட்டேங்குது, நேரா உள்ள வந்துடுது" என்றார். வயலில் பிறந்து வளர்ந்த மனிதர். பகல் முழுக்க நாற்று நட்டும் அவர் மூக்கு உரிந்ததில்லை, என் நட்பால் உரிந்தது.

சிவசங்கரி அம்மாவிடம் மறுபடியும் போனேன். உன் அம்மாவும் கூட வந்து உட்கார்ந்துகொண்டாள், அதுதான் எனக்குப் பெரிய தண்டனை. டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. "ஐயா, நீங்க எப்பிடிப் பூசுறீங்கன்னு செஞ்சு காட்டுங்க" என்று தன் மேசையிலிருந்த குழாயைத் தந்தார். நான் முதலில் பழகிய விதத்தையே, மணிக்கட்டு, காது, காலர் என்று கொஞ்சம் ஸ்டைலாகவே செய்துகாட்டினேன். அவர் என் காதை மடக்கிப் பார்த்தார். "காதுக்குப் பின்னாடி மட்டும் பிரமாதமா இருக்கு" என்றார். உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பன்னீர் கலந்த கதையைச் சொன்னதும் டாக்டரம்மாவும் கைக்குட்டையைத் தேடினார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: "முகத்து மேல ஒரு தடிச்ச படலமா நின்னாத்தான் அது வெயிலத் தடுக்கும். கொஞ்சமா தடவினா அம்பதுன்னு போட்டிருந்தாலும் அம்பது கிடைக்காது. தண்ணியாக்கினா ஒண்ணுமே கிடைக்காது. ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டுலயும் அடிலேர்ந்து நுனி வரைக்கும் கோடு போடுங்க. அது முகத்துக்கும் கழுத்துக்கும். காது, பிடரி, வழுக்கைக்கு இன்னும் கொஞ்சம். கெளம்பறதுக்குக் கால் மணி நேரம் முன்ன பூசணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா மறுபடி. வேர்த்தாலும் கழுவினாலும் மறுபடி." இரண்டு விரல் நீளம்! அத்தரில் அந்த அளவைப் பார்த்தால் நான் மயங்கி விழுந்திருப்பேன். வழுக்கை என்று அவர் சொன்னதும் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் மறுக்க இடமில்லை.

அடுத்த நாளிலிருந்து மனதைக் கல்லாக்கிக்கொண்டு இரண்டு விரல் பூசினேன். எப்போது பூசினேன் என்பதில்தான் கோளாறு. நல்ல காரியத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று காலைப் பலகாரம் முடிந்ததும் கண்ணாடி முன் நின்று, காது பிடரி ஒன்றுவிடாமல் பூசி முடித்துவிடுவேன். மதியம் லுஹர் தொழுகைக்கு ஒளு செய்வேன், முகம் கழுவுவேன். மறுபடி சாயங்காலம் அஸர் தொழுகைக்கு ஒளு செய்வேன், முகம் கழுவுவேன். சுத்தம் ஈமானில் பாதி அல்லவா, நான் அரைகுறையாகக் கழுவுகிற ஆள் இல்லை, சோப்புப் போட்டே கழுவுவேன். அப்புறம் பளிச்சென்ற வெறும் முகத்தோடு, பூசியிருக்கிறோம் என்ற தைரியத்தில், தொப்பியைக்கூடக் கழற்றி விசிறிக்கொண்டு வெயிலில் நின்றேன். முகம் இன்னும் மோசமானது. கிரீம் போலியோ என்று உன்மேல்கூடச் சந்தேகப்பட்டேன், மன்னித்துவிடு. கடைசியில் துணி துவைக்கும்போது உன் அம்மாதான் கண்டுபிடித்தாள். துண்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஏங்க, கிரீமு மூஞ்சிக்கா, துண்டுக்கா? புதுச்சேரியிலேயே வெயிலு தொட முடியாத துண்டு நம்ம வூட்டுத் துண்டுதான்" என்றாள்.

அப்படியானால் அஸர் முடிந்தபிறகு பூசுவோம் என்று குழாயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே பள்ளிவாசலுக்குப் போனேன். தொழுது முடித்துவிட்டு, செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்து, இரண்டு விரலில் கோடு இழுத்தேன். நிமிர்ந்தால் என் முன்னால் நாலைந்து கைகள் நீண்டிருக்கின்றன. புறங்கையை மேலே காட்டி, வரிசையாக. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த ஊரில் நான் தொழுகை முடிந்து எதையாவது விரலில் எடுத்தால் அது அத்தர்தான், பக்கத்தில் இருப்பவர் கையை நீட்டுவார், நான் ஒரு கோடு இழுப்பேன், அவர் துஆ செய்வார். நீட்டிய கையைத் திருப்பி அனுப்புவது நம் குடும்பத்தில் இல்லை. ஒவ்வொரு கையிலும் ஒரு கோடு இழுத்தேன். ஒருவர் மோந்து மோந்து பார்த்துவிட்டு, "பாய், புதுச் சரக்கா? வாசனையே இல்லயே. இப்ப இப்பிடித்தான் வருதா?" என்று வருத்தப்பட்டார். "இது வெயிலுக்கு" என்றேன். "வெயிலுக்கேத்த வாசனயா?" என்று இன்னொரு கையையும் நீட்டினார். கடைசியில் என் பங்குக்கு மிஞ்சியது மூக்குக்குப் போதுமாக இருந்தது. அந்த ஞாயிறு நீ போட்டோ கேட்டாய். மூக்கு மட்டும் தெளிவாக, மற்றதெல்லாம் சிவந்து வந்த என் போட்டோவைப் பார்த்துத்தான் நீ அந்தக் கடைசி உத்தரவைப் போட்டாய்.

உத்தரவு வந்ததும் எனக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது. இனி ஒரு இடமும் விடக் கூடாது என்று வைராக்கியம். வீராம்பட்டினத்து அணியோடு ஒத்திகை ஆட்டம் ஒன்று வைத்திருந்தார் சொல்தா, ஜூலை பதினாலுக்கு யார் எந்த இடத்தில் ஆடுவது என்று பார்ப்பதற்காக. அன்று நான் இரண்டு விரலுக்கு நாலு விரலாகப் பூசிக்கொண்டு போனேன். சொல்தா என்னைத் தூரத்திலிருந்தே பார்த்து, "இன்னா பாய், பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறது இவ்ளோ சீக்கிரம் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார். வீராம்பட்டினத்துக்காரர்கள் கடலிலேயே காய்ந்தவர்கள், அவர்களுக்கு என்னைப் பார்த்துச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துக்கொண்டே ஆடியதால் நாங்கள் முன்னே போனோம், பிறகு அவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு எங்களைப் பிடித்தார்கள். ஆட்டம் இழுத்துக்கொண்டே போய், புள்ளி சமமாக நின்றது. வீச வேண்டிய ஆள் நான். அந்த நேரம் பார்த்து எனக்கு, பூசி இரண்டு மணி நேரம் ஆகிவிட்டதே என்று ஞாபகம் வந்தது. "ஒரு நிமிஷம்" என்று சொல்லி, எல்லோரும் காத்திருக்க, பையிலிருந்து குழாயை எடுத்து முகம் கழுத்து காது எல்லாம் ஒழுங்காகப் பூசினேன். டாக்டரம்மா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். கையைத் துடைக்க வேண்டும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. குண்டை எடுத்துக் குறிபார்த்து வீசினேன். அது முன்னால் போகவில்லை அரீபா. என் கையிலிருந்து வழுக்கி நேராக மேலே போயிற்று. எதிராளி, எங்கள் ஆள், டீ விற்கிறவர் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். சொல்தா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளவும், அவர் கால் இருந்த இடத்தில் அது வந்து இறங்கவும் சரியாக இருந்தது. அடுத்த குண்டும் வழுக்கிக்கொண்டு போய், எதிராளியின் குண்டைத் தள்ளி, மரக் குண்டோடு ஒட்டவைத்துக் கொடுத்தது. தோற்றோம். சொல்தா பட்டாளத்துக் குரலில், "பாய், ஒண்ணு மூஞ்சியப் பாருங்க, இல்லாட்டி குண்டப் பாருங்க!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். சக்கரபாணி மட்டும் என் பையைத் தூக்கித் தந்து, வண்டி வரைக்கும் கூட வந்தார்.

அதெல்லாம் பெரியவர்களுக்குள் இருக்கிற கோபம், அன்றோடு போயிற்று. இப்போது நான் செய்கிற முறையைக் கேள், நீயே உன் கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லலாம். அஸர் தொழுதுவிட்டு யார் கண்ணிலும் படாமல் நேராக வீட்டுக்கு வந்துவிடுகிறேன். இரண்டு விரல் அளந்து பூசுகிறேன், தேய்த்து மறையச் செய்வதில்லை, படலமாக நிற்கவிடுகிறேன். காதையும் பிடரியையும் உன் அம்மா சரிபார்க்கிறாள். உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்துக்கொள்கிறேன். தொப்பியைக் கழற்றுவதில்லை. கால் மணி நேரம் பொறுத்துத்தான் வாசல் தாண்டுகிறேன். இரண்டு வாரமாக இதுதான் பழக்கம். இந்த இரண்டு வாரத்தில் என் முகத்தைப் பார்த்தாயா? கூட வருகிற போட்டோவைப் பெரிதாக்கிப் பார். சிவப்பு இல்லை, தடிப்பு இல்லை, அரிப்பு இல்லை. மைதானத்தில் ஆட்டமும் நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது, எல்லோரும் விசாரிக்கிறார்கள், நான் இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. சன்ஸ்கிரீன் சரியாகப் பூசினால் இப்படி வேலை செய்யும் என்று நீ சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தப்பெல்லாம் என் பூச்சில்தான் இருந்தது, வெயிலிலும் இல்லை, கிரீமிலும் இல்லை, பெத்தாங்கிலும் இல்லை. ஆகவே ஜூலை பதினாலுக்கு உன் சம்மதத்தை எதிர்பார்க்கிறேன். கூடவே இரண்டு குழாய் அனுப்பு, இந்த முறை மளமளவென்று தீர்ந்துவிடுகிறது.

மாப்பிள்ளைக்கு என் ஸலாம். பேரன் ஸாகிபின் நெற்றியில் என் சார்பாக ஒரு முத்தம் வை, பூசியிருக்கிற கிரீம் அழியாமல் பார்த்து வை. உங்கள் எல்லோருக்கும் இறைவன் நீண்ட ஆயுளையும் நிழலுள்ள வழியையும் தருவானாக.

உன் நல்ல பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்
உன் அத்தா,
அப்துல் கஃபார்.

பின்குறிப்பு: அரீபா, இது அம்மா எழுதுறேன். படம் எடுத்து அனுப்புன்னு காயிதத்த என்கிட்ட குடுத்துட்டு அத்தா எழுந்து போயிட்டாரு, நான் எல்லாத்தையும் படிச்சிட்டேன். மணிக்கட்டுல பூசினது, பன்னீர் கலந்தது, துண்டு, பள்ளிவாசப் படி எல்லாம் சத்தியமான உண்மை. கடைசியா எழுதியிருக்காரே, அந்த ரெண்டு வாரம் மட்டும் நம்பாத. குண்டு ஆகாசத்துக்குப் போச்சே, அன்னிக்கே சொல்தா அண்ணன் தன் மருமகன் நிலவன அத்தா எடத்துல போட்டுட்டாராம். சக்கரபாணி அண்ணன் வந்து என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனாரு. அன்னிலேர்ந்து அத்தா தெருவுல எறங்கல. ஆனா தெனமும் அஸர் தொழுதுட்டு வந்து ரெண்டு வெரல் அளந்து பூசுறாரு, காதக் காட்டுறாரு, நான் பாத்து சரிங்கறேன், கையக் கழுவித் தொடைச்சு, தொப்பியப் போட்டுக்கிட்டு, குண்டுப் பைய மடியில வெச்சுக்கிட்டு, கூடத்து நாற்காலியில வாசக் கதவப் பாத்து ஒக்காந்துக்கிறாரு. ஆறு மணிக்கு இன்னொரு தடவ பூசிக்கிறாரு, ஃபேனுக்கு அடியில. பொழுது சாஞ்சு மஃரிப் பாங்கு சொன்னதும் பைய உள்ள வெச்சிடுறாரு. வெயிலே படாத மூஞ்சி பளபளன்னு இல்லாம வேற எப்பிடி இருக்கும்? அந்த வெளையாட்டே வேணாம்னு மொதல்லேர்ந்து சண்ட போட்டவ நான்தான். இப்ப யாராச்சும் வந்து "பாய் வந்தாச்சா"ன்னு ஒரு வார்த்த கேட்டுட மாட்டாங்களான்னு நானும் கதவப் பாத்துக்கிட்டுக் கெடக்குறேன். சொல்தா அண்ணன் பொஞ்சாதி சுலோசனா அக்காகிட்டப் பேசிக்கிட்டிருக்கேன், நிலவனுக்குக் கையி சரியா வரலையாம், கொஞ்ச நாள்ல தானா கூப்புடுவாங்கன்னு சொல்றாங்க. அதுவரைக்கும் நீ "கூடாது அத்தா, நான் விடமாட்டேன்"னு கண்டிப்பா எழுதிடு. மக விடமாட்டேங்குறான்னு அவரு ஊருக்குச் சொல்லிக்கட்டும். தப்பித் தவறிக்கூட சரின்னு சொல்லிடாத. நீ சரின்னுட்டா, அந்த மனுஷன் அந்தப் பையத் தூக்கிக்கிட்டு எங்க போவாரு?